தொட்டுப்போடாதீங்க

அந்தரத்தில் நிற்கிற விரலைப் பார்த்திருக்கிறீர்களா? லோகப்பிரியாவின் விரல் எண்டர் கீக்கு மேலே அரை அங்குலத்தில் நிற்கிறது. அவிநாசி ரோட்டு ஹாரன் சத்தம் கண்ணாடியைத் தாண்டி வருகிறது. சாய்ந்த வெயில், மேஜையில் இருக்கும், நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப்பின் மேல் விழுகிறது. இதுபோல நாற்பது பம்ப்புகள் நாளைக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகின்றன. திரையில், புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலரின் கடைசி யோசனை மஞ்சளாக நிற்கிறது: நினைவகத்தில் இடத்தைக் காட்டும் இந்தப் பாயின்டருக்கு எங்கே எழுதுவது என்று தெரியும், எவ்வளவு எழுதலாம் என்று தெரியாது, அளவும் தெரிந்த வகைக்கு மாற்றட்டுமா? அதற்கு மேல்வரியில், பம்ப்பை ஓட்டும் இந்தப் புரோகிராமை முதலில் எழுதிய வெள்ளியங்கிரியின் பழைய குறிப்பு: 'இதை மட்டும் தொட்டுப்போடாதீங்க.' அவரே இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். கையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கிறது. "உட்டுப்போடுங்க அம்மணி. பொள்ளாச்சித் தோப்புல உரம் சொட்டற மிசின்ல இதே புரோகிராம்தான் ஆறு வருசமா ஓடுது." அவள் திரும்பவில்லை. "ஓடுதுங்ணா. எது வரைக்கும் ஓடுதுன்னுதான் தெரியலீங்க." பக்கத்து மேஜையில் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் திரையைப் பார்க்கிறேன். அவளே தொடர்கிறாள்: "தென்னைக்கு ரெண்டு சொட்டு கூடுனா இளநி கொஞ்சம் பெருசாகுமுங்க. கொழந்தைக்குங்ணா?" ஃபேன் காற்றில் மருந்துக் குழாய் லேசாக ஆடுகிறது. விரல் இறங்குகிறது.

மறுநாள் காலை சோதனையில், எட்டு எண்களுக்கு மட்டுமே இருந்த இடத்தில் ஒன்பதாவதை எழுதப் போன பம்ப், எழுதாமல் நின்றது. நேற்று வரை இருந்த வகை என்றால், பக்கத்தில் இருந்த மருந்தளவின் மேலேயே சத்தமில்லாமல் எழுதியிருக்கும். பம்ப்புகளை ஏற்றிப் போக வந்த ஆஸ்பத்திரி வண்டி கிளம்பவில்லை.