கழுத்தளவுத் தண்ணீர்

நான்கு மணிக்கு, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட டெப் மணி அடித்தது.

திரையில் வழக்கமான கேள்வி: இன்று வலி எவ்வளவு? அதன் கீழே பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும்.

நேசம்மா கட்டிலோரம் குனிந்து புருசனிடம் கேட்டாள்.

"கழுத்தளவு," என்றார் கனகசிங்கம். கண்ணைத் திறக்கவில்லை.

மனுசன் பள்ளிக்கூடப் பக்கம் மழைக்கும் ஒதுங்காதவர். நாற்பது வருசம் வாவியில் இறங்கி நின்று வலை வீசியவருக்கு வலியை இலக்கத்தில் சொல்ல வராது. தண்ணீரை அளக்கத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி, மிஸ்ஸி அஜந்தா, சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போய், கடைசியில் ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். முழங்கால் என்றால் மூன்று. இடுப்பு ஐந்து. நெஞ்சு ஏழு. கழுத்து ஒன்பது. கால் நிலத்தில் எட்டாவிட்டால் பத்து.

ஏழையோ அதற்கு மேலேயோ அழுத்தினால், மட்டக்களப்பில் இருக்கிற மிஸ்ஸியின் போனில் சிவப்பாகப் போய் விழும். உடனே கூப்பிட்டு, நோவுக்குக் கொடுக்கிற பாணி மருந்தைக் கூட்டச் சொல்லுவாள்.

போன கிழமை நேசம்மா ஒருநாள் ஏழாம் முகத்தை அழுத்தினாள். மருந்தைக் கூட்டியதும் நோவு அடங்கியது உண்மைதான். ஆனால் மனுசன் இரண்டு பகல், இரண்டு இரவு நித்திரை. இடையில் விழித்தபோது நேசம்மாவையே ஆரென்று கேட்டார். பிறகு மருந்தைக் குறைத்துத்தான் ஆள் தெளிந்தார். இன்னொரு முறை கூட்டினால் தெளிவார் என்று சொல்ல ஏலாது என்று மிஸ்ஸி பக்குவமாகச் சொல்லி வைத்தாள்.

ஆள் தெளிந்த அன்றைக்குப் பின்னேரம்தான் குவைத்திலிருந்து வதனி போன் எடுத்தாள். லீவு கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன், அப்பாவோடு கதைக்க வேண்டும் என்று அழுதாள். ஒரே பிள்ளை. வீட்டு வேலைக்கென்று போய் ஆறு வருசம்.

அதிலிருந்து ஐந்து நாளாக, அவர் நெஞ்சு என்றாலும் கழுத்து என்றாலும் நேசம்மா மூன்றைத்தான் அழுத்தினாள். மகள் வரும்போது மனுசன் முழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அழுத்திவிட்டுக் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுவாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டுவாள். அடுத்த நாள் நான்கு மணிக்கு மறுபடியும் மூன்று.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"பஸ் எங்கயாம் வருது?" என்று கேட்டார்.

"வெலிக்கந்தை தாண்டிட்டாம்," என்றாள் நேசம்மா.

இரண்டு மணிக்கு அவர் கேட்டபோது ஹபரணை என்றிருந்தாள். கொழும்பிலிருந்து வருகிற கல்முனை பஸ் ஆறு மணிக்குள் ஆரையம்பதிச் சந்தியில் நிற்கும். அவர் காலையிலேயே சவரம் செய்விக்கச் சொல்லி, வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டார். சேட்டுக் கழுத்து இப்போது வியர்வையில் தோய்ந்திருந்தது. கீழுதட்டில் பல் பதிந்த இடம் நீலமாகிக் கிடந்தது.

இன்றைக்கு நேசம்மாவின் விரல் எந்த முகத்துக்கும் போகவில்லை.

போன் அடித்தது. மிஸ்ஸி அஜந்தா.

"அம்மா, ஐயாட நாடி இண்டைக்கு நூத்தி முப்பது காட்டுது. கையில கட்டின பட்டி பொய் சொல்லாது. உண்மையச் சொல்லுங்க, நோவு எவ்வளவு?"

நேசம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது.

"மூண்டு எண்டு சொல்லு புள்ள," என்றார் கனகசிங்கம் மெல்ல. "அஞ்சு நாளும் அதத்தானே அமத்தினாய்."

அவர் ஒருநாளும் இலக்கம் சொன்னதில்லை. அப்படியென்றால் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். அவள் விரல் எங்கே போகிறது என்று ஒவ்வொரு நாளும் பார்த்து, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நேசம்மாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"அம்மா, லைன்ல இருக்கிறீங்களா?"

"பத்து, மிஸ்ஸி," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "பிள்ளை வாற நேரத்தில என்ன வேல புள்ள செய்யிறாய்? இன்னும் ரெண்டு மணித்தியாலம்தானே. நான் கிடப்பன்."

டொக்டரிடம் கேட்டுவிட்டு மிஸ்ஸி திரும்பப் போன் எடுத்து அளவு சொன்னாள். நேசம்மா மருந்தை ஊற்றி, அவர் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்தாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"குடிங்க. அவள் வந்த உடன எழுப்பி விடுறன்."

நாற்பத்திரண்டு வருசமாக அவள் சொன்னதையெல்லாம் நம்பிய மனுசன். இதையும் நம்பிக் குடித்தார்.

மூச்சு சீராகி, பிடித்திருந்த கை தளரும்வரை அவள் அசையாமல் இருந்தாள்.

வதனி மத்தியானம் போன் எடுத்திருந்தாள், குவைத்திலிருந்து. வேலை செய்கிற வீட்டு மேடம் பாஸ்போட்டைக் கொடுக்கவில்லையாம். நோன்பு மாதம் முடியட்டும், பிறகு போகலாம் என்று சொல்லிவிட்டாளாம்.

நோன்பு இன்னும் தொடங்கவே இல்லை.