தூங்கும் ஈறு

கண்ணாடிக்குக் கீழே, டம்ளரில் டூத் பிரஷ் நின்றது. பக்கத்தில் மாம்பழ வாசனையோடு இ-சிகரெட் படுத்திருந்தது.

"முன்னெல்லாம் நான் தொட்டாலே நிவேதனோட ஈறு ரத்தம் விட்டு அழும். ரெண்டு வருஷமா சத்தமே இல்லையே?" என்றது பிரஷ்.

"நான்தான் நிக்கோட்டின் புகையால ரத்தக் குழாயைச் சுருக்கி, தாலாட்டித் தூங்க வெச்சேன்" என்றது இ-சிகரெட்.

"எப்ப முழிக்கும்?"

இ-சிகரெட்டின் நீல விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது.

நிவேதன் வந்து பல் தேய்த்தான். வெள்ளை நுரையைப் பார்த்து, "ஈறு நல்லாயிடுச்சு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் முன்பல் திறந்த கதவுபோல் ஆடியது.

"ஈறே, எழுந்திரு! பல்லைப் பிடி!" என்று பிரஷ் கத்தியது.

பல் வாஷ்பேசினில் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

"சத்தம் போடாதே," என்றது இ-சிகரெட். "ஈறு தூங்குதுல்ல."