பிரிக்காத உறை

நோபேட் நீட்டிய உறையை ஸ்ரீஸ்கந்தராசா பிரிக்கவேயில்லை. அதைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

"பிழை" என்றார்.

வெள்ளவத்தை மாடிவீட்டின் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு செப்புத் தகடு பளபளத்தது. கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றை இடித்தபோது கிடைத்ததாம். அதில் வெட்டியிருப்பது ஒல்லாந்தர் காலத்து இரகசிய எழுத்தாம்.

அவர் அதன் படத்தை இணையத்தில் போட்ட நாள் முதல், உலகெங்கும் வேலைவெட்டி இல்லாத கூட்டமொன்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஒருவனுக்கு அதில் புதையல் தெரிந்தது, இன்னொருவனுக்குக் கள்ளக்காதல். வந்த விடைகளுக்கெல்லாம், திறந்துகூடப் பார்க்காமல், "பிழை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பிவிட்டு, "மடையர் கூட்டம்" என்று சிரிப்பார்.

மகள் சாருஜா நோபேட்டைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றபோதும் அதே சிரிப்புத்தான். "இந்தத் தகட்டின்ர மர்மத்தை அவிழ்க்கட்டும், கலியாணத்தைச் செய்து வைக்கிறன்" என்று சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பொடியனை வாசலோடு அனுப்ப அதைவிடக் கௌரவமான வழி அந்தப் பெரிய மனிதருக்குத் தெரியவில்லை.

"அப்பா, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்." சாருஜா கெஞ்சினாள்.

"என்னத்தை வாசிக்கிறது? இன்சூரன்ஸ் விக்கிறவருக்கு ஒல்லாந்தற்ற எழுத்து விளங்குமோ?"

"எங்க பிழையெண்டு சொல்லுங்க அங்கிள், திருத்திக்கொண்டு வாறன்" என்றான் நோபேட்.

"எத்தினை தரம் திருத்தினாலும் பிழைதான் தம்பி. நீர் போம்."

"அதுதான் ஏன் அங்கிள்?"

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனோ? அதில ஒரு சொல்லும் இல்லை, அதாலதான்! உம்மட பரம்பரையே குந்தியிருந்து பார்த்தாலும் ஒண்டும் வராது!"

சாருஜா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கோப்பையை நகர்த்தி, உறையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது வெறும் வெள்ளைத்தாள்.

நோபேட் எழுந்து நின்றான்.

"ஒரு சொல்லும் இல்லையெண்டு, அதை வெட்டினவருக்கு மட்டும்தானே தெரியும், மாமா?"