புறப்பட்ட இடம்

தோட்டத்தில் இருந்தவர்கள்: காப்பிக் கம்பெனிப் பெண் ஜெனிபர், பொன்னையன், எல்லை வழக்கில் அவரோடு பேச்சை அறுத்துக்கொண்ட தம்பி சடையன். காடழித்த நிலமல்ல என்று காப்பி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட, பொன்னையன் கைப்பேசியோடு எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும்; நடக்க நடக்க அதன் வரைபடத்தில் விழும் கோடு புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிய வேண்டும். முடியாவிட்டால் காப்பியை எடுக்கமாட்டார்கள். எல்லைமேலேயே தம்பி வீடு கட்டியிருந்தான்; இப்போது உள்ளேதான் இருந்தான்.

"சுத்திப் போனா என்ன அம்மணி?"

"அடுத்தவர் நிலம்னு செவப்பாக் காட்டுதுங்கய்யா. நேராத்தான் போகணும்."

"நேராப் போனா அவன் அடுப்படி."

வேறு வழியில்லை. கதவைத் தட்டினார். "சடையா, ஒரே ஒருக்கா உன் வீட்டுக்குள்ளார நடந்து அந்தப்பக்கம் போய்க்கறேன்டா."

சடையன் திறந்தான். "வாண்ணே. கோர்ட்டுக்குப் போன காலு இப்ப என் வாசலுக்கு வந்துருச்சா?"

உள்ளே காலெடுத்து வைத்ததும், எதிரே கொல்லைக் கதவில் பூட்டுத் தொங்குவது தெரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் சடையன் முன்கதவைச் சாத்திப் பூட்டினான்.