கடைவாய்ப் பல்

விளக்கைத் தாழ்த்தி, சின்ன வயதிலிருந்தே 'அண்ணன்' என்று கூப்பிடுகிறவரின் திறந்த வாய்க்குள் சின்னக் கண்ணாடியை நுழைக்கிறாள் பல் டாக்டர். அவள் பள்ளியில் படித்த காலத்தில் கிறிஸ்தவ சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்திய ஊழியக்காரர் அவர். படிப்பு முடிந்து போன பிள்ளைகளையும் விடாமல் விசாரிக்கிறவர். அவள் சபைக்குப் போவதை நிறுத்தி வருஷம் இரண்டாகிறது. அவர் வீட்டுப் பக்கம் பல் டாக்டரே இல்லையா? பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே, சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வலி என்று அவர் காட்டிய கடைவாய்ப் பல்லைக் கம்பியால் தட்டுகிறாள். டொக்கென்று திடமாகச் சத்தம் வருகிறது. அவர் முகம் சுளிக்கவில்லை. எச்சில் உறிஞ்சும் குழாய் கொரகொரக்கிறது. அவர் கண்கள் கூரையை விட்டு அவள் முகத்துக்கு வந்து வந்து போகின்றன. வாயை மூடியதும், ஏன் சபைக்கு வருவதில்லை என்று கேட்கப்போகிறார் என நினைத்துக் குழாயை மெல்ல வெளியே எடுக்கிறாள். அவர் கொப்பளித்துத் துப்புகிறார், உதட்டைத் துடைக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் இப்ப சபைக்கு வர்றதில்லண்ணே."

"தெரியும்மா."

"உங்க பல்லுலயும் ஒண்ணும் இல்ல."

"அதுவும் தெரியும்," என்கிறார் அவர், நாற்காலியை விட்டு எழாமல். "நீ எப்படிம்மா இருக்க?"

கையுறையைப் பாதி கழற்றியபடி அவரையே உற்றுப் பார்க்கிறாள். சபையைப் பற்றிக் கேட்டால் சொல்ல அவளிடம் பத்துப் பதில் இருக்கிறது, இதற்கு ஒன்றுமில்லை.