நூற்றுப்பத்துக் குதிரைகள்

கிலோமீட்டர் கல்லைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும் என்று ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தான். கல் வந்தது. நேரம் எண்ணப் போனிலிருந்த ஸ்டாப்வாட்சைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

போன் நழுவியது.

சொந்த லாரியின் பின்சக்கரமே அதன்மேல் ஏறிப் போயிற்று.

பதினாறு டன். ஒரு சத்தம்கூட வரவில்லை.

"என்னங்க விழுந்துச்சு?" என்றாள் மயிலா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடிகாரம்."

"ம்."

லாரி ஓட்டுவது அவள். ரிப்பேர் பார்ப்பது அவன். பதினோரு வருடக் கல்யாணத்தில் அவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இந்த 'ம்' ஒன்றுதான் பதில். புதுச் சட்டை எடுப்பா இருக்கா? ம். பிஸ்டன்ல தூசி படுது, சாமி அலமாரியில வெக்கட்டுமா? ம்.

அது சம்மதமா சாபமா என்று இன்றுவரை தெரியாது.

இந்த லாரியின் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஐந்து மாதம் பிரித்துப்போட்டுத் திரும்பக் கோத்தவன். கோத்து முடித்தபோது இரண்டு போல்ட் மிச்சம். அவற்றை அவளுக்குக் காட்டவில்லை.

புதிதில் அந்த எஞ்சினுக்கு நூற்றுப்பத்துக் குதிரைச் சக்தி. அது திரும்ப வராவிட்டால், நாளைக் காலை சங்ககிரியிலிருந்து ஓர் ஆள் வந்து லாரியைப் பழைய இரும்புக்கு உடைக்க ஓட்டிக்கொண்டு போவான். மயிலா வேறொருவர் லாரியில் டிரைவராக ஏறி வடக்கே போவாள். போனால் நாற்பது நாள்.

நிபந்தனையைப் போட்டவன் அவனேதான். ஒரு சாயங்காலம், வீறாப்பாக. அந்த வாய்க்கு மட்டும் பிரேக் கட்டத் தெரியவில்லை.

எடை, ஏற்றம், நேரம். இந்த மூன்றும் தெரிந்தால் குதிரைகளை எண்ணிவிடலாம். எடைமேடைச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் இந்த இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஐம்பது மீட்டர் உயரம் என்று பார்த்து வைத்திருந்தான்.

நேரம்தான் சக்கரத்துக்கடியில் போய்விட்டது.

வேகம் காட்டும் மீட்டரைப் பார்த்தான். ஊரார் மீட்டரையெல்லாம் சரிசெய்பவனின் மீட்டர், ஏழு வருடமாக நாற்பதிலேயே நின்றது. மயிலாவின் போன் வீட்டில். சார்ஜில் போட்டுவிட்டு எடுத்துவர மறந்தவனும் அவனே.

"அடுத்த கல்லுல ஆரம்பிச்சுக்கலாம்."

"எதை வெச்சு?"

இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் காட்டினான். "நாடி. நிமிசத்துக்கு எழுவத்திரெண்டு. போன மாசம் நர்ஸம்மா எண்ணிச் சொன்னதாக்கும்."

"ம்."

வளைவு திரும்பியது.

"கல்லு" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டான். ஒன்று. இரண்டு. மூன்று.

உள்ளங்காலிலிருந்து அதிர்வு ஏறியது. முழங்கால், இடுப்பு, பல். ஆறு சிலிண்டரும் பந்தியில் பரிமாறுகிற பங்காளிகள் மாதிரி ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொட்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒரு இலைகூட விட்டுப்போகவில்லை. எண்பது. எண்பத்தொன்று. ஏறுது மயிலு, ஏறுது என்று கூவ வேண்டும் போலிருந்தது. கூவினால் எண்ணிக்கை போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஹாரன் அடித்தாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

இன்னொரு தடவை, நீளமாக. திறக்கவில்லை.

இருநூறு. இருநூற்று ஒன்று. மிச்சமிருந்த இரண்டு போல்ட்டும் நினைவுக்கு வந்தன. சாமி அலமாரியும் வந்தது. வேண்டிக்கொண்டே எண்ணினான்.

"கல்லு."

இருநூற்று எண்பத்தெட்டு.

ஏற்றத்தின் உச்சியில் ஒரு டீக்கடை. எடைச் சீட்டின் முதுகில் கணக்குப் போட்டான். இருநூற்று எண்பத்தெட்டை எழுபத்திரண்டால் வகுத்தால் நான்கு நிமிடம். ரோடு தின்றது, கியர் பெட்டி தின்றது, எல்லாவற்றையும் சேர்த்தான்.

அறுபத்திரண்டு.

மறுபடி போட்டான். கணக்கு வாத்தியார் அடித்த அடியெல்லாம் நினைவு வரும்படி நிதானமாகப் போட்டான்.

அறுபத்திரண்டேதான். மற்ற நாற்பத்தெட்டுக் குதிரைகளும் எங்கோ மேயப் போயிருந்தன.

டீயில் ஆடை படிந்தது.

"அந்தாளு வரட்டும் மயிலு" என்றான், கிளாஸைப் பார்த்து. "உடைக்கவே குடுத்துப்போடலாம். எனக்கு வந்த வேலை அவ்வளவுதான்."

அவள் 'ம்' சொல்லவில்லை.

கிளாஸைக் கீழே வைத்தாள். அவன் கையை இழுத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். டீக்கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கடைக்காரர் பார்த்தார். அவனுக்கு வெட்கமாக இருந்தது. கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"அரை நிமிசத்துக்கே அறுவத்தஞ்சுங்க" என்றாள்.

அவன் சீட்டில் இருந்த எழுபத்திரண்டைப் பார்த்தான்; நிமிடத்துக்கு நூற்று முப்பது என்றால் ஏறியது நான்கு நிமிடமல்ல, இரண்டே சொச்சம். அவளைப் பார்த்தான்.

"ஏம்புள்ள, சத்தியமாச் சொல்லு. வண்டி இழுக்குதா, இல்லியா?"

"ஏத்தத்துக்குக் கீழயிருந்தே மூணாவது கியர்ல ஏறிருச்சு. ரெண்டாவதத் தொடவே இல்ல. ரெண்டு பன்னெண்டு சக்கர லாரியத் தாண்டி வந்தேன். நீங்க பாக்கோணும்னுதான் ஹாரன் அடிச்சேன். நீங்க கண்ணத் தொறந்தாத்தான?"

கையை விடவில்லை.

"அந்தாள வர வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க. வீட்டுக்குப் போயி, எம்போன்ல."