பத்து நிமிஷம் வெளியே

மீட்டிங் பாதியில் இருக்கும்போதே டார்லின் லேப்டாப்பை விட்டு எழுந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"என்னட்டி, டெல்லிக்காரங்க விரட்டிட்டாங்களா?" என்றான் கணவன் எபி.

"ஆமா. பத்து நிமிஷம் வெளிய இருக்கணுமாம்."

அறிவியல் ஆராய்ச்சிகளுக்கு அரசு நிதி ஒதுக்கும் டெல்லிக் குழுவில் டார்லின் உறுப்பினர். தாமிரபரணிச் சேற்றில் பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமியைத் தேடும் எபி, மூன்றாவது முறையாக அங்கே மனுப் போட்டிருந்தான். ஆறு மாதமாகப் பதிலே இல்லை.

"அங்கனயும் சண்டை போட்டியாக்கும்?"

"வாயே திறக்கலை. வெளிய இருக்கணும்ங்கறது ரூல்ஸ்."

"பொல்லாத ரூல்ஸ்! என் மனுவை முதல் சுத்துலேயே தூக்கிப் போட்டிருப்பாங்க. இனி ஆராய்ச்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டியூஷன் எடுக்கப் போறேன்."

"முந்நூறு மனுல கடைசி இருபதுதான் இன்னைக்கு மீட்டிங்குக்கு வந்திருக்கு. யாரு பேருன்னு நான் சொல்லக் கூடாது."

"சொல்லாண்டாம். வெளிய அனுப்புன ரூல்ஸையாவது சொல்லு."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உறுப்பினரோட சொந்தக்காரங்க மனுவைப் பத்திப் பேசும்போது அந்த உறுப்பினர் உள்ள இருக்கக் கூடாது."

"சொந்தக்காரங்களா? டவுண்ல ஜவுளிக்கடை வச்சிருக்க உங்க அண்ணன் என்னத்தட்டி ஆராய்ச்சி பண்ணுதாரு?"

டார்லின் அவனையே பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

எபிக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"ஏட்டி! என்னுதா?"

"பைய கத்துங்க! மைக்கை அணைச்சேனான்னு ஞாபகம் இல்லை."